வராத மாதங்கள்

லீ பஜார் எடை மேடையில் எனக்கு வேலை.
லாரி ஏறும், எண் ஓடும், நிற்கும்.
சரக்கோடு ஒரு சீட்டு, இறக்கியபின் ஒரு சீட்டு,
கழித்தால் மிஞ்சுவது மஞ்சள்.
பதினோரு வருடமாகக் கழிக்கிறேன்.
ஆனாலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகில்
அந்தப் பெண் கணக்குச் சொன்னபோது
முதல் தடவை பிடிபடவில்லை.

"ரெண்டு வருஷம் உங்ககிட்ட வளர்ந்திருக்கணும்,
அது ஆயிருச்சு.
பெத்தவங்க ஒரு வருஷத்துக்கு மேல
வந்து பார்க்காம இருந்திருக்கணும்.
கடைசியா எப்ப வந்தாங்க?"

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின சனிக்கிழமை.
ஜெகதா. பச்சைச் சுடிதார், மணிக்கட்டில் பிளாஸ்திரி.
எண்ணெய் ஊறிய தாளில் தட்டுவடை செட் இரண்டு,
பிள்ளைக்கு ஒன்று, எனக்கு ஒன்று.
"காரம் கம்மியாப் போடச் சொன்னேன்" என்றாள்.
பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று எழுந்தவளுக்கு
வாசலில் ஒற்றைச் செருப்பைக் காணோம்.
பவதாரணி அதை அரிசிப் பானைக்குப் பின்னால்
ஒளித்து வைத்திருந்தாள்.
தேடி எடுத்துக் கொடுத்தது நான்.

அதற்குப் பிறகு வரவில்லை.
வராத மாதங்களை ஒவ்வொன்றாக
எங்கள் பக்கம் வரவு வைக்கிறது சட்டம்.
புரட்டாசி எங்களுக்கு.
தீபாவளி எங்களுக்கு.
பிள்ளைக்கு அம்மை போட்ட மாசி எங்களுக்கு.

பேப்பரில் படம் போட்டார்கள்,
உரியவர் இருந்தால் வரலாம் என்று.
அவள் கண்ணில் படக் கூடாதென்று
கோட்டை மாரியம்மனிடம் வேண்டினேன்.
அப்படி வேண்டியதற்கு
மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன்.
இரண்டில் எதை எடுத்துக்கொண்டாளோ தெரியாது.
கெடு முடிந்தது. யாரும் வரவில்லை.

பிறகு காகிதம்.
கல்யாணத்தைப் பதிந்திருக்கவில்லை நாங்கள்.
பதினாறு வருடம் கழித்து
ரிஜிஸ்தர் ஆபீஸில் மாதேசு காக்கிச் சட்டையோடு நின்றார்,
ஆட்டோவை ஐந்து ரோட்டில் போட்டுவிட்டு.
வருமானச் சான்றுக்கு மூன்று நடை.
ரத்தம், சளி, நெஞ்சுப் படம். மனநலம்: திருப்திகரம்.
எங்கள் மேல் வழக்கில்லையென எழுதிய போலீஸ்காரர்
இன்னொரு டம்ளர் மோர் கேட்டார்.
நற்சான்று இரண்டு வேண்டும்.
முதலாளி எழுதிக் கொடுத்தார்:
'ஒரு கிலோகூடத் தப்பாகப் போட்டதில்லை.'

ஏன் தத்தெடுக்க விரும்புகிறீர்கள்?
பதிலுக்கு நான்கு கோடு விட்டிருந்தது.
"எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சுங்களே" என்றார் மாதேசு.
அப்படி எழுத முடியாதாம்.

"மாசம் வர்ற பராமரிப்புத் தொகை நின்னுடும்.
தெரியுமில்ல?"
"அப்பாடா" என்றார்.
அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.
காசுக்குப் பிள்ளை வளர்க்கிறோமென்று
தெருக்குழாயில் பேசுவது
அவளுக்கு எப்படித் தெரியும்?

ஐந்து வயது தாண்டினால்
பிள்ளையின் சம்மதமும் கேட்க வேண்டும்.
ஏழு நடக்கிறது இவளுக்கு.
எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள்.
கதவுக்கு அந்தப் பக்கம் மின்விசிறி சத்தம்,
ஒரு தடவை சிரிப்பு,
அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை.
இப்படி ஒரு கல்யாணப் பேச்சில்கூட
எனக்குக் கை நடுங்கியதில்லை.

வெளியே வந்தவளிடம் கேட்டேன், என்ன சொன்னே?
"ரகசியம். மேடம் சொல்லக் கூடாதுன்னாங்க."

கையெழுத்துப் போட எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.
கலெக்டர் உத்தரவு வரும், காத்திருங்கள்,
வந்த பிறகும் இரண்டு வருடம்
ஆறு மாதத்துக்கு ஒரு முறை
வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்றார்கள்.
வரட்டும்.

திரும்பி வந்தால் வாசலில்
என் செருப்பில் ஒன்றைக் காணோம்.
பெஞ்சுக்கு அடியில் குனிகிறார் மாதேசு,
மணல் வாளிக்குப் பின்னால் பார்க்கிறார்,
"யாரோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்க" என்கிறார்.
பவதாரணி சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை
எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்,
ரொம்ப அக்கறையாக.

ஒரு கால் சிமெண்ட்டில் சில்லிட
நானும் தேடினேன்.
அவசரமில்லாமல்.